என் எச்சில் தட்டு

மே 14, வியாழன். திண்டுக்கல்.

விடுமுறைக்கு வந்து எட்டு நாளாகிறது. மதியம் அருள், அவன் அம்மா, நான் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். முடிந்ததும் பழக்கத்தில் அவன் என் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். ஷார்ஜாவில் தினமும் அப்படித்தான். சமையல் என்னுடையது, பாத்திரம் அவனுடையது.

அத்தை பதறிவிட்டார். "ஏலே, பொண்டாட்டி எச்சித் தட்டையா தூக்குற? அங்கயும் இதான் பொழப்பா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ இல்லம்மா, சும்மா இவளக் கேலி பண்ணேன்" என்று இளித்தபடி இரண்டு தட்டுகளையும் என் கையில் திணித்தான்.

"அங்க இவரு தண்ணி கூட மோந்து குடிக்க மாட்டாரு அத்தை" என்று நானும் சிரித்தேன்.

"அதான பாத்தேன்" என்றார்.

அவன் சப்பித் துப்பிய மீன் முள்ளை விரலால் வழித்துப் போட்டேன்.

அறைக்குள் வந்து காதில் சொல்கிறான்: "கோச்சுக்காத. இன்னும் ஆறு நாளுதான். அங்க போனா நான்தான கழுவப் போறேன்."

நான்கு வருடமாக நியாயமாக வாழ்கிறோம் என்று நினைத்தேன். என் தட்டைக் கழுவுவதை அவன் திருட்டு மாதிரி மறைத்துச் செய்திருக்கிறான். இன்று அதற்கு நானும் காவல் நின்றேன். தூ.

பக்கத்தில் குறட்டை விடுகிறான். விரலில் இன்னும் மீன் வாடை போகவில்லை.