மாவுச் செல்லில் எரிந்த விளக்கு

இபாடான்,
மார்ச் 4

அன்புள்ள செர்வா,

நலம். நீயும் உன் குமாசி மழையும் நலமா? நீ அனுப்பிய முடிவுகளைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் மரவள்ளி வேரின் செல்களை உங்கள் இயந்திரம் அழகாகத்தான் கூட்டம் கூட்டமாகப் பிரித்திருக்கிறது. எந்த மரபணு விழித்து விளக்குபோல் எரிகிறதோ அதை வைத்துத்தானே இது இன்ன செல் என்கிறோம்? மாவைச் சேர்க்கும் செல்களுக்குள் நீர்க்குழாய்ச் செல்லின் அடையாள மரபணு எப்படி எரிகிறது? மாதிரிக் குப்பிகள் மாறிவிட்டனவா?

அக்ரா நேர்முகத்துக்கு என் கையில் இருப்பது இது ஒன்றுதான். அந்த வேலை கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு நான் வீட்டில்தான். நாம் ஒன்றாகப் படித்தபோது விடுதி அறையில் என் காரி மரவள்ளி மாவு டப்பாவைக் காலி செய்துவிட்டு, "எனக்கென்னடி தெரியும்?" என்பாயே, ஏனோ அந்த முகம் ஞாபகம் வருகிறது.

உன்
மோரெனிகே


குமாசி,
மார்ச் 7

அடி மோரெனிகே,

எதுவும் மாறவில்லை. உன் அடையாள மரபணுப் பட்டியல் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் தட்டில் முளைக்கவைக்கும் குட்டிக் களைச்செடியிலிருந்து. அது கிழங்கே வைக்காது. அங்கே நீர்க்குழாயில் மட்டும் எரிவது மரவள்ளியிலும் அப்படியே எரியுமா? வேரை மெல்லியதாக நறுக்கி, அந்த மரபணுவுக்குச் சாயமேற்றிக் கண்ணால் பார்.

சில நாள் எழுத மாட்டேன். காரணம் பிறகு.

செர்வா


இபாடான்,
மார்ச் 23

செர்வா,

எத்தனை முறை எழுதியும் பதில் இல்லை. இன்று பக்கத்து ஆய்வக ஒலுமிடே, "உனக்குத் தெரியாதா? அக்ரா வேலைக்கு உனக்கும் செர்வாவுக்கும்தாம்மா போட்டி" என்றார். என்னைச் சாயமேற்ற உட்காரவைத்துவிட்டு நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? நீ பேசாமல் இருப்பதற்கு வேறு என்ன அர்த்தம்?

என் மாதிரிகளை நீ வேண்டுமென்றே மாற்றியதாக உன் இயக்குநருக்கு எழுதிவிட்டேன்.

மோரெனிகே


இபாடான்,
ஏப்ரல் 2

என் செர்வா,

நறுக்கிப் பார்த்தேன். நீர்க்குழாய்கள் எரிகின்றன. அவற்றைச் சுற்றி மாவு நிறைந்த செல்களும் எரிகின்றன. மரவள்ளியில் மாவைச் சேர்ப்பவை நீர்க்குழாய்த் திசுவிலேயே பிறந்தவை என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவள் நான். பட்டியலைப் பார்த்ததும் என் பாடமே மறந்துவிட்டது.

புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்
மோரெனிகே


குமாசி,
ஏப்ரல் 19

முனைவர் மோரெனிகே அவர்களுக்கு,

மார்ச்சில், புகார் வருமுன்பே, உங்கள் வேர் மாதிரியை மீண்டும் இயந்திரத்தில் ஓட்டினேன். முதல் முடிவே சரி. என் சொந்த ஆய்வான யாம் வள்ளிக்கிழங்குக்கு ஒதுக்கிய நாட்களை இதற்குக் கொடுத்தேன். சொன்னால் தடுப்பீர்கள் என்றுதான் எழுதாமல் இருந்தேன். விண்ணப்பித்ததை மறைத்தது என் தவறு. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

புகார் வந்த அன்றே ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். யாம் வேலை அப்படியே நின்றுவிட்டது. காட்ட ஒன்றுமில்லாமல் அக்ராவுக்கு எதற்கு என்று நான் போகவில்லை. உங்களுக்கு அந்த வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். கட்டுரையில் என் பெயர் வேண்டாம்.

விசாரணையில் இயக்குநர் கேட்டார்: "அந்தப் பொண்ணு உன் உயிர்த்தோழியாமே?"

"இல்லைங்க சார். பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க" என்றேன்.

இப்படிக்கு,
முனைவர் அக்குவா செர்வா