திங்கட்கிழமைக் கடிதத்தை நம்பாதே

திங்கட்கிழமை, 14ஆம் தேதி

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் பல் டாக்டர் நலம். நீயும், உன்னோடு இருக்கும் நர்ஸ் அக்காவும், மயக்க டாக்டரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஷேவ் செய்யும்போது நினைத்துக்கொள்கிறேன். எனக்குப் பிரார்த்தனை வருகிற நேரம் அது ஒன்றுதான்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உங்களை அங்கே அனுப்பிய மருத்துவச் சங்கத்தின் அலுவலகத்தில் நான்கு நாள் கிடந்திருக்கிறது. அங்கே பெட்டி கட்டும் பெரியவர், "வீட்டம்மா கடுதாசி சார், நான் பிரிக்கல" என்று கையில் கொடுத்தார். உன் பக்கம் சண்டையில் போன் கோபுரங்கள் விழுந்த பிறகு நமக்கு அவர்தான் தபால் துறை.

உனக்குப் பதிலாக வரவேண்டிய சர்ஜன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார், இன்னும் மூன்று மாதம் இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? தாராளமாக இரு. அந்தப் பள்ளிக்கூடத்து நிலவறையில் இரண்டு ஆபரேஷன் மேஜைகளுக்கும் நீ ஒருத்திதான் சர்ஜன் என்னும்போது, இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து நீ டி.வி. பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

துணைக்கு ஆளில்லாமல் தூக்கி வரப்படுகிறவர்களுக்கு அனுமதிப் படிவத்தில் நீயே கையெழுத்துப் போட்டு, உறவு என்ற இடத்தில் அக்கா, சித்தி, அத்தை என்று வயதுக்குத் தகுந்தபடி எழுதிவிடுவதாகச் சொல்லியிருந்தாய். வாய்விட்டுச் சிரித்தேன். நம் கல்யாணத்துக்கு உன் பக்கத்திலிருந்து வந்தது மொத்தம் பதினொரு பேர். இப்போது ஊர் முழுக்க உனக்குச் சொந்தக்காரர்கள்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. கிளினிக் வழக்கம்போல நடக்கிறது. வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் "ஆ" என்று சொல்லக்கூட ஆளில்லை. மாடிக் குழாய் ஒழுகுகிறது. கட்டிலில் உன் பக்கம் பழைய பேப்பர்கள் குவிந்துவிட்டன. எடுத்து வைத்தால் அந்த இடம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது, அதனால் விட்டுவிட்டேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று. என் சமையல் அந்த லட்சணம்.

உன் பழைய மாணவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நூல் முடிச்சு நழுவுகிறது என்று திட்டித் திட்டி 'முடிச்சு' என்றே பெயர் வைத்தாயே, அவன்தான். இப்போது அங்கே பெரிய சர்ஜன். நான் ஒரு நோயாளி விஷயமாகப் போயிருந்தேன். உன்னை ரொம்ப விசாரித்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் பல் டாக்டர்



வியாழக்கிழமை, 17ஆம் தேதி

டாக்டரம்மாவுக்கு,

திங்கட்கிழமை எழுதிய கடிதத்தை நம்பாதே.

அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடலாம் என்று இன்று காலை சங்க அலுவலகத்துக்கு ஓடினேன். பெரியவர் அதை மருந்துப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டார். "பிரிச்சா மறுபடியும் செக்கிங் போகணும் சார், இன்னிக்கு வண்டி தவறிடும்" என்றார். பெட்டியில் என்னென்ன இருக்கிறது, அதற்கு நீ எப்படிக் காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? பிரிக்க வேண்டாம் என்றேன். வேறு கடிதம் கொடுத்தால் டிரைவர் சட்டைப்பையில் தனியாக அனுப்புவதாகச் சொன்னார். அவர் மேஜையிலேயே, அவர் பேனாவாலேயே இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்தால் என் பழைய புளுகும் உனக்குக் கிடைக்கும்.

முதல் தடவை போய்வந்தபோது நீ ஒன்று சொன்னாய். புதிதாக வரும் சர்ஜன்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், குண்டடிக் காயத்தை முதல் நாளே அழகாகத் தைத்து மூடிவிடுகிறார்கள், மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சீழ் பிடிக்கும் என்றாய். நாலைந்து நாள் திறந்தே போட்டு, சுத்தமாக இருந்தால்தான் தைக்க வேண்டுமாம். நான் திங்கட்கிழமை அந்தத் தப்பைத்தான் செய்தேன். இப்போது தையலைப் பிரிக்கிறேன்.

அந்த நோயாளி நான்தான். பெருங்குடலில் கட்டி. சதை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நல்ல கட்டி இல்லை. வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. என் பேச்சை நம்ப மாட்டாய், ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். முடிச்சுதான் ஆபரேஷன் செய்கிறான். "ஒரு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க சார்" என்றான். பிறகு, "மேடம்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன், கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று கூசாமல் சொன்னேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று படிவம் கொடுத்தார்கள். உறவினர் கையெழுத்து வேண்டுமாம். கிளினிக்குக்கு எடுத்துவந்து பிரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கருவிகளைக் கழுவித் தரும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "குடுங்க சார், நான் போடுறேன். தங்கச்சின்னு எழுதிக்கோங்க. பன்னெண்டு வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்குறேன், இதுக்குக்கூடவா உரிமை இல்ல?" என்றார். போட்டும் விட்டார். ஆகவே கையெழுத்துக்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. நீ இல்லாமலும் ஆபரேஷன் நடக்கும். முடிச்சு நீ பழக்கிய கை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு கொடுக்கக்கூட அந்த அம்மா ஏற்பாடு செய்துவிட்டார். எல்லாம் தயார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்கிறவன், பயத்தில் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

நீ கிளம்பினால் அங்கே என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. இரண்டு மேஜையும் காலியாகிவிடும். நீ இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று இரண்டு பேர் இருப்பார்கள், பத்துப் பேர்கூட இருப்பார்கள். அவர்களோடு மூன்று நாளாக மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பக்கம்தான் நியாயம். ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

படிவம் வாங்கப் போனபோது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஒருவர், தன் மனைவியின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றார். அவர்கள் அவரைத் தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்தார். முப்பது வருஷமாக நீ அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருந்திருக்கிறாய். வெளியே உட்கார்ந்து உனக்குப் பழக்கமே இல்லை. கத்தியைப் பிடிக்க எனக்கு ஆள் இருக்கிறான். அந்தப் பெஞ்சில்தான் ஆளில்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. மூன்று மணி நேரம் ஆகுமாம். இந்த வண்டி எட்டு நாளில் உன்னிடம் வந்துவிடும். சாலை திறந்திருந்தால் நீ வர ஐந்து நாள் போதும். வந்து வெளியே உட்கார்.

வர முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுத வேண்டும். நாகரிகம் தெரிந்தவன் எழுதுவான். பேனாவை இரண்டு தடவை கொண்டுபோனேன். பெரியவர் வேறு வண்டிக்கு நேரமாகிறது என்று பார்க்கிறார்.

அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. பத்திரமாக வா.

உன் பல் டாக்டர்