தாழ் மாட்டக் குனியாதவருக்கு

மாமா,

இன்று காலை டிராக்டரின் இடது மட்கார்டில் ஒரு சாக்கு மடித்துக் கட்டியிருந்தது. நாலாக மடித்து, சணல் கயிறு போட்டு இறுக்கி, நீங்கள் எனக்குக் கட்டிக் கொடுத்தீர்களே, அச்சு அசல் அதே மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை. அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்து, சாக்கைக் கோழிக்கூண்டுப் பக்கம் வீசினேன். கட்டியது உங்கள் தம்பி. தன் பெண்டாட்டி உட்கார்ந்து வருவதற்காகக் கட்டியிருக்கிறார்.

பட்டறையிலிருந்து வண்டி திரும்பி வந்து இன்றுதான் முதல் நடை. டிரெய்லர் நிறையக் குச்சிக்கிழங்கு, அந்த மரவள்ளியை ஜவ்வரிசியாக்கும் ஆட்டையாம்பட்டிப் பக்கம் சேகோ மில்லுக்கு. பிடுங்கிய கிழங்கின் பச்சை வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து வந்தால் இப்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். வண்டி கவிழ்ந்த அன்றைக்கும் இதே வாடைதான் அடித்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். ராசியில்லாத வண்டி என்றார்கள். அந்த ஏரிக்கரையில் ஏதோ இருக்கிறது என்று உங்கள் பெரியம்மா சொன்னார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் உங்களைப் போல டிராக்டர் ஓட்ட ஆளே கிடையாதாம், அப்பேர்ப்பட்டவருக்கே இப்படி ஆகிவிட்டதாம். உங்களை எடுத்துக்கொண்டு போனபோது நான் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விதியாம். ஒரு சின்ன இரும்புத் தாழுக்கு இவர்கள் வைத்த பெயர் அது.

உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே? கல்யாணமான புதிதில் என்னை வண்டியில் ஏற்றி நம் கிழங்குக் காட்டைச் சுற்றி வந்தீர்கள். வலது காலடியில் இரண்டு பிரேக் இருப்பதைக் காட்டினீர்கள். ஒன்றை மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும், வரப்போரம் வண்டியைச் சட்டென்று திருப்ப அது வேண்டும் என்றீர்கள். ரோட்டில் ஏறும்போது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தாழை மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். "காட்டுல தனித்தனி, ரோட்டுல ஒண்ணு. இதை மறந்தவன் டிரைவரே இல்ல அம்முணி" என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்குச் சந்தனம் பூசினீர்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்கள். திருஷ்டிப் பூசணிக்காயைத் தேடித் தேடிப் பெரிதாக வாங்கினீர்கள். தாழை மட்டும் தொடவில்லை, அது துருப்பிடித்துக் கிடந்தது.

அன்று மட்கார்டில் ஏறி உட்கார்ந்ததும் நான் கேட்டேன். "தாழு மாட்டலீங்களா மாமா?"

"மில்லுல கொட்டிப்போட்டு வந்து மறுக்கா உழுவோணும். இந்தக் கூப்பிடு தூரத்துக்கு எதுக்கு அம்முணி குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஏரிக்கரை இறக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. அவசரத்தில் உங்கள் கால் ஒரு பிரேக்கை மட்டும்தான் மிதித்தது. வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பியது, பின்னாலிருந்து கிழங்குப் பாரம் தள்ளியது. நான் இடப்பக்கம் கரைமேல் விழுந்தேன். நீங்கள் வண்டியோடு கீழே போய்விட்டீர்கள். ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சாக்கை நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது. மட்கார்டு சுடும், குத்தும் என்று எனக்காக மெத்தை மாதிரி மடித்துக் கட்டினீர்கள். மெத்தை போட்டுவிட்டால் அது சீட்டாகிவிடுமா? மில்லில் பாரம் இறக்கியதும் முறுக்குப் பொட்டலம் வாங்கித் தருவீர்கள். ஒரு கையில் முறுக்கு, மறு கையால் மட்கார்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய டயருக்கு ஒரு சாண் மேலே ராணி மாதிரி நான் ஊர் திரும்புவேன். அதில் இருந்த பிரியம் பொய்யில்லை. அவ்வளவு பிரியம் வைத்திருந்த மனிதருக்கு ஒரு நிமிஷம் குனிய வலித்திருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள் தம்பி வந்து சாவி கேட்டார். நான் கொடுக்கவில்லை. தாழ் மாட்டியாகிவிட்டதா என்றேன். அது இறுகிக் கிடக்கிறது, மில்லுக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து ஒன்று சொன்னார்.

"அண்ணன் ஓட்டுன வண்டிங்க அண்ணி. அண்ணனாட்டவே ஓட்டறேன், பயப்படாதீங்க."

"உங்கண்ணனாட்டவே ஓட்டறதா இருந்தா சாவி கெடையாதுங்க தம்பி. கிழங்கு இங்கயே கெடந்து அழுகட்டும்."

கிழங்கு ஏற்றிய ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்பதுபோல் உங்கள் தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. செத்தவரைத் திட்டக்கூடாது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அது கிடையாது. அவர் பெண்டாட்டி மட்டும் என் காலை ஒரு தடவை பார்த்தாள். தலையில் பூ வைத்துப் புறப்பட்டு நின்றவள், "நான் பஸ்ஸுலயே வாரேனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு ரோட்டை நோக்கி நடந்தாள்.

தம்பி அசையாமல் நின்றார். நானே சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். பிளேட் வைத்த கால் எனக்கு முழங்காலில் மடங்காது. பின் டயரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டிவைத்து, வயிறு படியில் அழுந்தக் குனிந்தேன். எண்ணெய் விட்டுத் தட்டத் தட்ட அது இளகியது. கடைசியில் டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு சாவியைக் கொடுத்தேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டே வாங்கினார். ஏரிக்கரையைத் தாண்டும்வரை வண்டிச் சத்தத்தைக் கேட்டபடி வாசலிலேயே நின்றேன்.

இனி இந்த வண்டி ரோட்டில் ஏறும் ஒவ்வொரு நடைக்கும் நான்தான் தாழ் மாட்டுவேன். மடங்காத இந்தக் காலை இழுத்துக்கொண்டு போய்க் குனிவேன், மாமா. உங்களுக்கு இரண்டு கால்களும் நன்றாகத்தானே இருந்தன?