அந்த அறைக்குப் போகும் முன்

லாஸ்பேட்டை,
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா சுகம். நான் இன்னும் போனை அணைத்து பீரோவில்தான் வைத்திருக்கிறேன். ஆபீஸில் யார் போன் அடித்தாலும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஜனவரியில் நம் இனியா கடைசியாகக் கூப்பிட்டபோது, காலேஜ் ஆபீஸில் பிள்ளைகள் ஃபீஸ் கட்ட வரிசையில் நின்றார்கள். "வேலையா இருக்கேன்டி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே அரியாங்குப்பத்தில், புருஷன் வீட்டில், நம் தங்கை தன் உயிரை முடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் கேட்டிருந்தால் இருந்திருப்பாள் அண்ணா.

அவள் புருஷன் வினோத்குமார் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அவன் அடித்ததாக அவள் வாயால் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்கிறார் நம் வக்கீல் கன்னியப்பன்.

நீ சொன்னபடி, மனசுக்கு ஆலோசனை சொல்லும் தெரபிஸ்ட் ஒருவரை விசாரித்தேன். முத்தியால்பேட்டையில் தனியாக கிளினிக் நடத்துகிறார், ஜஹபர் நிஷா என்று பெயர். போகப் பயமாக இருக்கிறது. போய் என்ன பேசுவது?

உன் தங்கை,
மேனகா


துலூஸ்,
25 ஜூன் 2025

அன்புத் தங்கை மேனகாவுக்கு,

தயவுசெய்து போ. இங்கே பிரான்ஸில், கிடங்கில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர், மனைவி இறந்த பிறகு ஒரு வருடம் போனார். அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். வாசலில் இருக்கும் போர்டைப் பார்த்து நம்பிவிடாதே. என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று நேராகவே கேள். நல்லவராக இருந்தால் கோபிக்க மாட்டார். நீ பேசுவது யார் காதுக்குப் போகும், அவர் எழுதி வைப்பதை யார் பார்ப்பார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடு. சில வாரம் பாரம் கூடத்தான் செய்யுமாம், அதற்காக நிறுத்தாதே. ஆனால் அந்த ஆளே உனக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரிடம் போகலாம்.

இன்னொன்று. வீட்டு விஷயம் எல்லாவற்றையும் அங்கே கொட்ட வேண்டியதில்லை. உன் தூக்கம், உன் பயம், அதைப் பேசினால் போதும்.

அன்புடன்,
செல்வகுமார்


லாஸ்பேட்டை,
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

மூன்று முறை போய்விட்டேன். நீ எழுதியதையெல்லாம் கேட்டேன். நிஷா மேடம் சிரித்துவிட்டு, சான்றிதழ்களை எடுத்துக் காட்டினார். "நான் டாக்டர் இல்ல, மாத்திரை எழுத மாட்டேன். நீங்க சொல்றது இந்த ரூமத் தாண்டாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் யார்கிட்டயாவது சொல்ல வேண்டி வரும். அப்பவும் மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்" என்றார்.

பாரம் கூடும் என்றாயே, உண்மைதான். போன வாரம் திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு வாந்தி எடுத்தேன். அன்று அவர் ஒன்று கேட்டிருந்தார். "அவங்க அன்னிக்கு உங்களுக்கு மட்டுந்தான் கூப்பிட்டாங்களா?" ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான், அது எனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. அவள் போன் போலீஸில், லாக்கைத் திறக்க முடியாமல் கிடக்கிறது. உனக்கு ஏதாவது தெரியுமா?

மேனகா


லாஸ்பேட்டை,
27 ஆகஸ்ட் 2025

அண்ணா,

எனக்குப் பதில் இல்லை. ஆனால் நிஷா மேடத்துக்கு மெயில் போட்டிருக்கிறாய். "உங்க அண்ணன் எழுதியிருக்கார். நீங்க இங்க வர்றீங்கன்னுகூட நான் அவருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா அவர் எழுதினது உங்களுக்குத் தெரியணும்" என்று காட்டினார். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனியாவைப் பற்றி மேனகா என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்டிருக்கிறாய். ஏன்?

மேனகா


துலூஸ்,
12 செப்டம்பர் 2025

மேனகா,

அவள் எனக்கும் கூப்பிட்டாள். உனக்கு முன்னால். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "அண்ணா, நேத்தும் அடிச்சாரு. முடியல. நான் வீட்டுக்கு வந்துடறேன், அப்பாகிட்ட நீ சொல்லேன்." கேட்டேன். ஊரில் என்ன பேசுவார்கள், பொறுத்துப் போ என்று பதில் எழுதினேன். அதன் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நீ உன்னையே குற்றம் சொல்லி எழுதும்போதெல்லாம் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் நீ அப்படி நினைக்கும் வரை என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அண்ணன்


லாஸ்பேட்டை,
6 அக்டோபர் 2025

செல்வகுமாருக்கு,

வீட்டில் உன் கடிதத்தைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. மீதியை நிஷா மேடத்தின் அறையில் படித்தேன். மன்னிக்கச் சொல்லியும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இப்ப நீங்க என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்க?" என்றுதான் கேட்டார்.

அந்த மெசேஜை வக்கீலுக்கு அனுப்பு. உன் பதிலையும் சேர்த்து அனுப்பு. எனக்கு வேண்டாம், அவள் குரலை இப்போது என்னால் கேட்க முடியாது. கோர்ட் கூப்பிட்டால் வந்து நின்று சொல்.

அவள் சாவுக்கு நீதான் காரணம் என்று நான் எழுதவில்லை. அடித்தவன் அவன். ஆனால் இத்தனை மாதம் நான் நடுங்கிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "வீட்டுக்கு வரவான்னு கேட்டுச்சா எம் பொண்ணு?" என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பிறகு, "நான் வாம்மான்னுதானே சொல்லியிருப்பேன்" என்றார்.

வழக்குக்கு வரும்போது லாட்ஜில் தங்கிக்கொள். வீட்டுக்கு வராதே.

மேனகா