பஞ்சாங்கத்தில் இல்லாத மணித்தியாலம்

எனக்கு வாய்த்த ஒரே அத்தானுக்கு,

நடந்தது முழுவதும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் அங்கே வந்து உங்களிடம் வேறு கதை சொல்லக்கூடாது. மணிக்கூட்டைத் திருப்பும் ஞாயிற்றுக்கிழமையில் கலியாணம் வைக்காதீர்கள், ஏதாவது ஒரு பகுதி நேரத்தைப் பிழைவிடும் என்று ஐயர், மாப்பிள்ளை வீட்டார், மண்டபத்துக்காரன் எல்லோருக்கும் சொன்னேன். மிசிசாகாவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், உலகத்து நேரமெல்லாம் தன் சட்டைப்பைக்குள் கிடப்பதாக நினைப்பு. பிழைவிடப்போகிற பகுதி நாங்கள்தான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வேலை?

உங்களுடைய இரண்டாவது திவசம் வருகிறது. உங்கள் மகள் வதனிக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கடைகளில் சும்மா எடுத்துக்கொண்டு போகிற பத்திரிகைக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று ஆசிரியர் அங்கங்கே எழுத்தைத் திருத்துவார். திருத்தட்டும். கருத்தில் கைவைக்க அவருக்கும் படிப்புக் காணாது.

முதலில் கனடாவின் இந்த மணிக்கூட்டுக் கூத்தைப் பற்றி. மாசியில் நித்திரையில் கிடக்கும்போது மணிக்கூட்டை முன்னால் தள்ளி ஒரு மணித்தியாலத்தைக் களவெடுக்கிறார்கள். ஐப்பசியில் மணிக்கூட்டைப் பின்னால் திருப்பி அதையே தருகிறார்கள். களவு போன சாமான் திரும்பி வந்ததற்கு ஊர் முழுக்கப் பல்லிளித்துக்கொண்டு இன்னொரு மணித்தியாலம் போர்த்திப் படுக்கிறது. இப்படி ஒரு சனத்தை நான் எங்கும் கண்டதில்லை. நான் காணாத நாடும் அதிகமில்லை, அது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள், படித்த மனுசன், அந்த இளிப்பில் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை. பார்க்டேலில் பத்துப்பேர் ஒரு அறையில் கிடந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு அலாரம் மணிக்கூடு மட்டும் வைத்திருந்த காலத்திலேயே, அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதைத் திருப்புவது நீங்கள்தான். ஸ்காபரோவுக்கு வந்த பிறகு கதிரை போட்டு ஏறி, சுவர் மணிக்கூட்டில் தொடங்கிக் குசினி அடுப்பு வரைக்கும் திருப்புவீர்கள். பிறகு தேத்தண்ணியோடு யன்னலடியில் போய் இருப்பீர்கள்.

“என்ன அத்தான் செய்யிறியள்?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கு ஒரு மணித்தியாலமோ?”

“அதுக்குத்தான்.”

இரண்டு வேலை செய்த மனுசன். வருடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தால் அதை வைத்து ஒரு வியாபாரம் தொடங்கியிருக்கலாம். நான் என்றால் தொடங்கியிருப்பேன்.

சரி, கலியாணத்துக்கு வருகிறேன். நாள் வைத்த அன்றைக்கே உங்கள் தமக்கை கண்மணி மச்சாள் பிக்கரிங்கிலிருந்து வந்து இறங்கினா. புதுவீடு வாங்கியதிலிருந்து அவவின் நடையே மாறிவிட்டது, தரையில் கால் படுவதில்லை. சோபாவின் நடுவில் இருந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் இடம் பிரித்துக் கொடுத்தா. தாய்மாமன் என்ற முறையில் நானும் என் மனைவியும் தாய்தகப்பன் இடத்தில் இருந்து தாரைவார்க்க வேண்டும். அது நியாயம், என்னைவிட்டால் அந்த இடத்துக்கு யாருமில்லை. அடுத்து உங்கள் பெண்சாதியை, என் அக்காவைப் பார்த்தா.

“நாகேஸ், நீர் பின்வரிசையில இரும். அறுகரிசி போட மேடைக்கு வரவேண்டாம். குறை நினையாதையும், பிள்ளை நல்லா இருக்கவேணும்.”

அக்கா தலையாட்டினா. பதினாறாம் மாடியில் தனியாக ஒரு வருடம் அழுது முடித்தவ, பிள்ளையை உடைமாற்றி விடுவதற்குக்கூட இன்னொருத்தி வரவேண்டும் என்று கேட்டு, அதற்கும் தலையாட்டினா. வதனிதான் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கண்மணி மச்சாளோ இன்னொரு வடை எடுத்தா. பிள்ளையைப் பெறுவதற்கு ஒருத்தி, வாழ்த்துவதற்கு வேறு ஒருத்தி. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாதது நல்லதாகப் போயிற்று.

கலியாணத்துக்கு முதல்நாள் வீடு நிறையச் சனம். பலகாரம், பூ, சேலை, சண்டை. அறுகரிசியில் கலக்கிற அறுகம்புல்லுக்கு ரொறன்ரோ முழுக்க அலைந்தார்கள், கடைசியில் என் பல்கனிப் பூச்சாடியில் நான் ரகசியமாக வளர்த்ததைத்தான் பிடுங்கினார்கள். கனடாவில் அறுகம்புல் முளைக்க வைத்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். அந்தக் களேபரத்தில் எல்லோரும் படுத்தோம். மணிக்கூட்டைத் திருப்ப ஒருவரும் கதிரை போடவில்லை. அது யாருடைய வேலை என்று யோசிக்கவே எங்களுக்குத் தெரியாது, அத்தான். அது நீங்கள் செய்கிற வேலை.

விடிய எழும்பி, அடிபிடிப்பட்டு, மற்றவர்களுக்கு முந்தி நாங்கள் நாலுபேர் மண்டபத்துக்குப் போனால் கதவு பூட்டு. காவலாள் ஒரு போர்த்துக்கேயக் கிழவன், கோப்பிக் கோப்பையோடு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தான். ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டீர்கள், நேற்று இரவு நேரம் மாறியது தெரியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்குத் தெரியும், உன்னைச் சோதிக்கத்தான் வந்தேன் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் நடுங்கிப்போய்க் கதவைத் திறந்தான்.

உள்ளே வெறும் கதிரைகள். மணவறையில் வேலைக்காரர் முதல்நாளே பூக்கட்டி வைத்திருந்தார்கள். அக்கா, வதனி, நான், என் மனைவி, வேறு ஒரு குருவியில்லை. என் மனைவி தட்டங்களை அடுக்கினா, அறுகரிசித் தட்டம் முன்னால் இருந்தது. அக்கா பழக்கப்பட்டவ மாதிரி நேராகப் போய்ப் பின்வரிசையில் இருந்தா. ஒருத்தருமில்லாத மண்டபத்தில் பின்வரிசை.

வதனி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாயிடம் போனாள்.

“அம்மா, ஒருத்தரும் இல்லை. நீங்கள் எனக்கு அறுகரிசி போடுங்கோ.”

“எனக்கு ஏலாது பிள்ளை. நாளைக்கு உனக்கு ஒரு தலையிடி வந்தாலும் என்ரை கையைத்தான் பாப்பினம்.”

“ஹூ கெயர்ஸ், அம்மா?”

“எனக்குக் கெயர் இருக்கு. நீ போய் அங்க இரு.”

பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒப்பனைக்காரி இரண்டு மணித்தியாலம் பூசிய மை கரையத் தொடங்கியது. நான் விளக்கம் சொன்னேன், என் மனைவி கெஞ்சினா. அக்கா கதிரையைவிட்டு அசையவில்லை. என் சொல்லை அவ எப்போது கேட்டிருக்கிறா? அப்போதுதான், அத்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

“அக்கா, இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அத்தான் கடைசியில என்னட்டைச் சொன்னவர். மணிக்கூடு திரும்பேக்க வாற மணித்தியாலம் எந்தப் பஞ்சாங்கத்திலயும் இல்லையாம். அதுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை, தீட்டும் இல்லை, குற்றமும் இல்லையாம். அதுக்குள்ள ஆரும் என்னவும் செய்யலாம். வதனியின்ரை கலியாணம் அந்த நாளில வந்தால் நாகேஸ்தான் முதல் அறுகரிசி போடவேணும் எண்டு சொன்னவர்.”

அக்கா என்னை நெடுநேரம் பார்த்தா. “அவர் சொன்னவரோ?” என்று கேட்டா. “சத்தியமா,” என்றேன். அவ எழும்பினா.

வதனி மணவறையில் ஏறி இருந்தாள். அக்கா இரண்டு கையாலும் அரிசியும் புல்லும் அள்ளி, முழங்காலில், தோளில், தலையில் என்று போட்டா. ஒருமுறை போட்டுவிட்டு, போதாதென்று திரும்ப அள்ளினா. மேளமில்லை, மந்திரமில்லை. காவலாள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கண்மணி மச்சாள். பிக்கரிங்காரர் ரயில் நேரத்துக்கு வாழ்கிறவர்கள், சரியான நேரத்துக்குத்தான் வருவார்கள், வேறு என்ன வேலை.

“என்ன கூத்து இது? நாகேஸ், கையை எடும்.”

அக்கா கையை எடுக்கவில்லை. நான் நடுவில் போய் நின்று, நீங்கள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் அவவுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல மச்சாளின் முகத்திலிருந்த புதுவீடு இடிந்து விழுந்தது. அப்படியே ஒரு கதிரையில் இருந்துவிட்டா.

“என்ரை தம்பி அப்பிடிச் சொன்னவனோ?” என்றா. பிறகு, சின்னக் குரலில், “என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ?”

ஏற்கெனவே அடுக்கிய தட்டங்களை நான் திரும்ப அடுக்கத் தொடங்கினேன். குறித்துக்கொள்ளுங்கள், சரித்திரத்தில் முதல் தடவை. அக்காதான் தட்டத்தை வைத்துவிட்டுச் சொன்னா: “உங்களைத்தான் அடிக்கடி கேட்டவர், மச்சாள்.”

அது உண்மையோ என்று நான் அக்காவிடம் இன்றுவரை கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்களா, அத்தான்?

பிறகு கலியாணம் சிறப்பாக நடந்தது. வந்தவர்களில் பாதிப்பேரும் மணிக்கூட்டைத் திருப்பவில்லை. வழமைபோல ஒரு மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டார்கள், ஆகவே சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரொறன்ரோத் தமிழ்ச்சனம் தாலி கட்டுவதைக் கண்ணால் கண்ட ஒரே கலியாணம் உங்கள் மகளுடையதுதான். மிசிசாகாச் சித்தப்பா மட்டும் என்னிடம் வந்து, மேலதிக மணித்தியாலம் வந்தது நடுச்சாமத்திலாம், அப்போது நாங்கள் நித்திரையாம் என்று நுணுக்கம் பேசினார். நாங்கள் எழும்பும்வரை அது காத்திருக்காதோ என்று கேட்டேன். போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கண்மணி மச்சாள் உங்கள் சொல்லைப் பிக்கரிங்கில் தொடங்கி ஊர் முழுக்கப் பரப்பிவிட்டா. இந்தத் தள்ளிவைப்பு வேண்டாமென்று நான் பத்து வருடமாகக் கத்தினேன், ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை. செத்த மனுசன் சொன்னார் என்றதும் எல்லோருக்கும் காது முளைத்துவிட்டது. இந்த ஆவணியில் பார்க்டேலில் இருந்து ஒரு மட்டக்களப்பு அம்மா தொலைபேசி எடுத்தா. புருசன் இல்லாதவ. மகளுக்கு ஆவணியிலேயே நல்ல நாள் இருந்ததாம், மண்டபமும் இருந்ததாம். அதை விட்டுவிட்டு ஐப்பசியில் மணிக்கூடு திரும்பும் ஞாயிறைத் தேடி, அன்றைக்கு மண்டபம் கிடைக்காமல், இன்னும் ஒரு வருடம் பொறுக்கப் போகிறாவாம்.

“தம்பி, அந்த மணித்தியாலம் காலமையோ, பின்னேரமோ? ஒருக்காச் சரியாச் சொல்லுங்கோ மகன். தவறவிட்டிருவன் எண்டு பயமாக் கிடக்கு.”

பிறகு எடுக்கிறேன் அம்மா என்று தொலைபேசியை வைத்துவிட்டு அக்காவிடம் போனேன். பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா.

“எழுதன். ஆர் வேண்டாமெண்டது?”

“உனக்குக் கோவமில்லையோ?”

“எனக்கு அண்டைக்கே தெரியும். அவர் ஒரு மூச்சில அவ்வளவு நீளமாக் கதைச்சதை நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

“பிறகேன் எழும்பிப் போய்ப் போட்டனி?”

“பிள்ளை அழுதவள்,” என்றா. “வெங்காயத்தை இஞ்சாலை தள்ளு.”

அத்தான், வருகிற ஞாயிறு நான் பார்க்டேலுக்குப் போகிறேன். அந்த அம்மாவிடம், அடுத்த நல்ல நாளைப் பாருங்கள், எந்த நேரமென்றாலும் சரி, மேடையில் உங்களுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், யார் வந்து என்ன கேட்டாலும் என்னிடம் கேட்கட்டும் என்று சொல்லப்போகிறேன். இனி உங்கள் வாயில் ஒரு சொல்லும் வைக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஏனென்றால் நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் கிழமை உங்களால் பேசவே முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தது முழுக்க நான்தான்.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
வதனியின் தாய்மாமன்