நான் நிரப்பிய மூச்சு

அண்ணா,

புதிதாகச் சேர்ந்த கிளாரினெட்காரருக்குக் கொடுக்க இன்று காலை உங்கள் நோட்டேஷன் தாள்களை எடுத்தேன். எங்கே மூச்சு வாங்க வேண்டுமென்று நீங்கள் பென்சிலில் போட்ட டிக்குகள் அப்படியே இருக்கின்றன. முதல் பாட்டில் நாலு வரிக்கு ஒன்று. சித்திரையில் பழகியதில் வரிக்கு ஒன்று. கடைசித் தாளில் வரிக்கு மூன்று. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மில்லில் நான் சூப்பர்வைசர். நீங்கள் புளோரூமில் பஞ்சு பிரித்து, இருபது வருடம் தூசியைத் தின்றவர். அங்கே என் முன்னால் நீங்கள் உட்கார்ந்ததே இல்லை. மில்லை மூடி வெகுகாலம் கழித்து, பீளமேட்டுப் பள்ளி ஹாலில் ஞாயிறுதோறும் ஆசைக்காகக் கூடும் நம் ஆர்க்கெஸ்ட்ராவில்தான் ஆளுக்கொரு கிளாரினெட்டோடு ஒரே நோட்டேஷன் ஸ்டாண்டு முன்னால் தோளுரச உட்கார்ந்தோம். உதிரிபாகக் கடை பாய் தபேலா, காலேஜ் பிள்ளைகள் கிடார், முன்வரிசையில் வயலினோடு நெஞ்சுநோய் டாக்டர் அம்மா. நான் சுருதி தப்பினால் நீங்கள் என் முழங்காலில் தட்டுவீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் 'அண்ணா'வுக்கு மாறிவிட்டேன். நீங்கள் 'சார்' என்பதை விடவே இல்லை.

நீண்ட சுரத்தில் இரண்டு கிளாரினெட்டும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் விடும்போது மற்றவர் பிடிக்க வேண்டும். ஆடியில் உங்கள் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் ஆரம்பித்தது. எனக்கு மட்டும் கேட்கும். டாக்டர் அம்மாவிடம் சொல்லட்டுமா என்றேன். ஸ்டாண்டைப் பார்த்தபடியே பதில் சொன்னீர்கள்.

"வேண்டாமுங்க சார். ஊட்ல உக்காருன்னு சொல்லிப்போடுவாங்க. நான் உடுற எடத்த நீங்க புடிச்சுக்கங்க, அது போதுமுங்க."

பிடித்துக்கொண்டேன். இருவரும் ஒரே ஆள் மாதிரி வாசிக்கிறோம் என்று ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் மாஸ்டர் பாராட்டினார். நமக்குப் பெருமை வேறு. வாரத்துக்கு வாரம் என் பங்கு கூடியது. ஐப்பசியில் நீங்கள் கிளாரினெட்டில் வாயை மட்டும் வைத்திருந்தீர்கள். சத்தம் முழுக்க என்னுடையது.

கார்த்திகையில் உங்கள் மகள் போன் செய்தாள். மயானத்திலிருந்து திரும்பிய என்னிடம் டாக்டர் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூணு சேர் தள்ளித்தானுங்க உக்காந்திருந்தேன். ஒரு தடவகூட அவரு மூச்சு அறுந்து எனக்குக் கேக்கலயே, ஏனுங்க?"

கால் கழுவும் சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன். நான் செய்தது உதவி இல்லை அண்ணா, மறைப்பு. அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

இன்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர் பல்லடத்தில் தறி ஓட்டியவர். நீண்ட சுரத்தின் நடுவில் அவருக்கு மூச்சு அறுந்தது. என் விரல்கள் தாமாகவே அந்த இடத்துக்குப் போயின. இந்தத் தடவை பிடிக்காமல், கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு அறுந்தது. மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. டாக்டர் அம்மா வயலின் வில்லை இறக்கிவிட்டு, முதலில் அவரைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தார்.