மேப்பில் நட்ட சிவப்புக் கொடி

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா சின்னபொண்ணு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி பிரவீன்குமாரும் கங்கையம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டு எழுத வேண்டியதில்லை, சாப்பிட்ட ரொட்டி முதற்கொண்டு ஊர் பார்க்கப் போட்டோ போடுகிறாய், இளைத்திருக்கிறாய் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பிரவீன் நாளைக்குத் திண்டிவனம் போகும்போது தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஜெர்மனியில் உட்கார்ந்து நீ வேலை பார்க்கிற அந்த போன் ஆப்பின் பெருமையைச் சொல்கிறேன் கேள். தை மாதம் திண்டிவனத்தில் கல்யாண மண்டபம் பிடித்து விழா நடத்தினார்கள், எங்களை வேன் வைத்து அழைத்துப் போனார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருத்தர் காலிலாவது மணல் ஒட்டியிருக்க வேண்டுமே, ஊஹூம். ஷூ போட்ட ஒரு பெண் மைக்கைப் பிடித்து, ஆமை முட்டையிட்ட இடத்தைப் பார்த்தால் போட்டோ எடுங்கள், மேப்பில் சிவப்புக் கொடி விழும், உலகமே பார்த்துக் காப்பாற்றும் என்றாள். உலகமாம். நம் குப்பத்தில் நாலு நாள் குழாயில் தண்ணீர் வராதபோது எட்டிப் பார்த்த அதே உலகம்தானே. பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆப்புக்கு ஆமைப் படத்தை அடையாளமாக வைத்தது எந்த அறிவாளி, நீதானா? ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவள்தானே நீ. போன் வீட்டுக்குள் வந்தால் அதிலிருக்கிற ஆமையும் வீட்டுக்குள் வந்த மாதிரிதானே என்று பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளின் மருமகள் போனைக் கோழிக்கூண்டின் மேலேயே வைத்துவிட்டாள், அந்தப் படத்தை அழிக்கும்வரை உள்ளே எடுக்கவில்லை. இப்படி ஒவ்வொருத்தராக அழித்து, கடைசியில் அதை வைத்திருந்தது நான் ஒருத்திதான். பெற்ற பாசம், வேறென்ன. மார்ச்சுக்குள் நம் ஊரிலிருந்து பத்துக் கொடியாவது விழாவிட்டால் இந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீ அழுதது எனக்குப் பொறுக்கவில்லை.

மீன் ஏலத்துக்குப் போகிற பெண்கள் நாங்கள் இத்தனை வருஷமாக என்ன செய்கிறோம் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீயும் வந்திருக்கிறாய். விடியலில் மணலில் டிராக்டர் டயர் போல அந்தத் தடம் தெரியும். யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம், கையை நீட்டிக் காட்டவும் மாட்டோம். பெரசவத்துக்கு வந்தவ வந்துட்டுப் போயிருக்கா என்று ஒருத்தி சொல்வாள், அவ்வளவுதான். பழைய வலைத் துண்டு ஒன்றை மேலே இழுத்துக்கொண்டே நடப்போம், தடம் அழிந்துவிடும், நாய்க்கும் தெரியாது, முட்டைத் திருடனுக்கும் தெரியாது. இதற்கு மேடை போட்டதில்லை, ஆப் செய்ததில்லை. பெயரைச் சொன்னால் பீடை என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாயே, விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போன புதிதில், மூடநம்பிக்கை என்று. அந்த மூடத்தனம்தான் இத்தனை காலம் வாயை மூடி வைத்திருந்தது.

அப்படிப்பட்ட நான் போன செவ்வாய்க்கிழமை உனக்காக வலையை இழுக்காமல் போனை எடுத்தேன். தடம் எத்தனை அகலம் என்று கேட்டது, முழம் போட்டுச் சொன்னேன். எந்த இனம் என்று கேட்டது, பெரசவத்துக்கு வந்தவளிடம் ஜாதி கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று எழுத இடம் இல்லாததால் முதலில் இருந்ததை அமுக்கினேன். சிவப்புக் கொடி விழுந்தது. நீகூட ஒரு இதயப் படம் அனுப்பினாய். வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தால் குழிதான் இருக்கிறது. நூறு முட்டைக்கு மேல் இருந்திருக்கும், மிதிபட்ட ரெண்டு தோல்தான் மிச்சம். லட்சுமியம்மாள் முந்தின நாள் சாயந்திரமே திருடர்களைப் பார்த்திருக்கிறாள். பைக்குல ரெண்டு பேரு வந்தானுங்க சின்னபொண்ணு, போனைப் பாத்துக்கினே நேரா நடந்தானுங்க, கொடி போட்ட எடம் இதானே யம்மான்னு கேட்டானுங்க, நம்ம எளவரசி ஆளுங்கன்னு நெனச்சி நாந்தான் கையக் காட்டினேன், வெயில்ல வந்துக்கிறானுங்களேன்னு மோர் வேற குடுத்தேன்டி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். அவளை நான் திட்டவில்லை. அன்றைக்கு மத்தியானம் உன் ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது, நன்றி, உங்களால் ஒரு கூடு பாதுகாக்கப்பட்டது என்று, கீழே கை தட்டுகிற படம். குழியை மிதித்த காலோடு நின்று அதைப் படித்தேன். உன்னைப் பெற்றதற்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான், என்னை நினைத்து அதைவிட அதிகம்.

மறுநாள் விசாரிக்க வனத்துறையிலிருந்து ரெண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள், கொடியில் இருந்தது என் பெயர்தானே. ஆமையையும் அமீனாவையும் ஒரே போனில் அனுப்பி வைத்த கெட்டிக்காரி நீ. அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை, போகப் பிடிக்கவில்லை அவருக்கு. இன்னாடி பேஜாரு இது, பொண்ணு படிச்சா நாலு உசுரக் காப்பாத்தும்னு பாத்தா, என்று அதோடு நிறுத்திக்கொண்டார். ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொடிகளை எண்ணத் தெரிகிறது, அதே மேப்பைத் திருடனும் பார்ப்பான் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை? நம் வீட்டுப் பூட்டின் சாவி எந்தப் பானைக்கு அடியில் இருக்கிறது என்பதையும் போட்டுவிடு, உலகம் பார்த்துக் காப்பாற்றட்டும்.

நேற்று விடியலில் இன்னொருத்தி வந்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் போனை எடுக்கவில்லை. வலையை இழுத்தேன், ஒரு தரம் இழுத்தால் போதும், மூன்று தரம் இழுத்தேன். போனிலிருந்து ஆப்பையும் அழித்துவிட்டேன். உன் பத்துக் கொடியில் நம் ஊரிலிருந்து இனி ஒன்றுகூட வராது, வேலை போனால் போகட்டும். மற்ற ஊர்களில் விழுந்திருக்கிற கொடிகளை இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எடுக்கச் சொல், இல்லை வெளியாள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கச் சொல், அது உங்களால் முடியும் என்று பிரவீன் சொல்கிறான். முடிந்தும் செய்யாமல் இருந்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மற்றபடி நீ கேட்ட நெத்திலிக் கருவாட்டை அனுப்பவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் நாற்றம் என்று புகார் செய்தானாமே, அவன் மூக்கும் நன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வை, குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. கங்கையம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். கொடிகளை எடுத்த பிறகு எனக்குப் போன் செய், எடுக்காமல் செய்யாதே. எந்த இடத்தில் என்று மட்டும் கேட்காதே. ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் கடலில் இறங்கிவிடும், அதுவரை பெற்ற மகளிடமும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. சின்னபொண்ணு